ஆயுதத் தடையும் உலகின் மனசாட்சியும்: போஸ்னியா தரும் படிப்பினை

தாக்கப்படும் ஒரு நாட்டுக்குப் பிற நாடுகள் ஆயுதம் தரலாமா? தந்தால் போர் நீளுமா? தர மறுத்தால் அநீதிக்குத் துணைபோனதாகுமா? போர் நடந்துகொண்டிருக்கும்போதே விடை காண வேண்டிய கேள்விகள் இவை. 1992 முதல் 1995 வரை போஸ்னியாவை முன்னிட்டு உலக மக்கள் இவற்றை விவாதித்தார்கள். அந்த விவாதம் நீண்ட காலத்தில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

சமமற்றோர்க்குச் சமமான தடை

யூகோஸ்லாவியா சிதறத் தொடங்கிய வேளையில், 1991 செப்டம்பர் 25 அன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 713ஆம் தீர்மானத்தின் மூலம் அந்நாடு முழுமைக்கும் ஆயுதத் தடை விதித்தது. பெல்கிரேடு அரசும் அதற்கு இசைந்தது. அதில் வியப்பில்லை, கூட்டாட்சிப் படையின் பீரங்கிகளும் டாங்கிகளும் அதன் பிடியிலேயே இருந்தன.

1992 மே 22 அன்று போஸ்னியா ஐ.நா.வின் உறுப்பு நாடாயிற்று. தற்காப்பு உரிமை ஐ.நா. சாசனத்திலேயே உறுதி செய்யப்பட்ட ஒன்று. ஆயினும் தடை நீங்கவில்லை. கூட்டாட்சிப் படை விலகியபோது அதன் ஆயுதங்களில் பெரும்பகுதி போஸ்னிய செர்பியப் படையிடம் சென்றது. தடை இரு தரப்புக்கும் பொதுவானது எனினும், அதன் சுமை ஒரு தரப்பின் மீதே விழுந்தது. சரயேவோ நகரம் 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. 1993இல் விமான நிலையத்தின் அடியில் தோண்டப்பட்ட சுமார் 800 மீட்டர் சுரங்கமே உணவுக்கும் மருந்துக்கும் ஆயுதத்துக்கும் வழியாயிற்று.

மக்கள் கண்டதும் அரசுகள் சொன்னதும்

1992 ஆகஸ்டில் ஒமர்ஸ்கா, ட்ர்னோபோல்யே முகாம்களின் காட்சிகள் தொலைக்காட்சியில் வெளிவந்தன. கம்பி வேலிக்குப் பின்னால் எலும்பும் தோலுமாய் நின்ற மனிதர்களைக் கண்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதிர்ந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ஜார்ஜ் கென்னி அம்மாதமே பதவி விலகினார். மறு ஆண்டு மேலும் சிலர் அவ்வாறே விலகினர். நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட எழுத்தாளர் எலீ வீசல், 1993 ஏப்ரலில் அதிபர் கிளின்டனை நேருக்கு நேர் நோக்கி, போஸ்னியாவுக்காக ஏதேனும் செய்தாக வேண்டும் என்று பொது மேடையில் வேண்டினார்.

மறுதரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் உணவு வாகனங்களைக் காக்கத் தம் வீரர்களை அங்கே நிறுத்தியிருந்தன. தடையை நீக்கினால் போர் மூளும், அவ்வீரர்கள் இலக்காவர் என்று அவை அஞ்சின. அமெரிக்க மக்களோ இரங்கினர். ஆயினும் தம் பிள்ளைகளைத் தரைப்போருக்கு அனுப்பப் பெரும்பாலோர் விரும்பவில்லை. 1993 ஜூன் 29 அன்று, போஸ்னியாவுக்குத் தடையிலிருந்து விலக்களிக்கும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. பாகிஸ்தான், மொராக்கோ, அமெரிக்கா உள்ளிட்ட 6 நாடுகள் ஆதரித்தன. 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. ஒதுங்கி நின்றோரே அதை வீழ்த்தினர்.

ஸ்ரெப்ரெனிட்சா

ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என அறிவித்த ஸ்ரெப்ரெனிட்சா 1995 ஜூலை 11 அன்று வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். ஐ.நா.வின் மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் மசோவியேட்ஸ்கி பதவி துறந்தார். அமெரிக்க செனட் 69-29 என்ற வாக்குகளில் தடையை நீக்கத் தீர்மானித்தது. பிரதிநிதிகள் சபையும் அதனை ஏற்றது. ஆகஸ்ட் 11 அன்று கிளின்டன் அதைத் தம் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். ஆனால் அம்மாத இறுதியில் சரயேவோ சந்தையில் குண்டு விழுந்து 43 பேர் மாண்டபின், நேட்டோ விமானத் தாக்குதல் தொடங்கியது. நவம்பர் 21 அன்று டேட்டனில் உடன்பாடு எட்டப்பட்டது. மூன்றாண்டுகளாக இயலாது என்று சொல்லப்பட்டது மூன்றே மாதங்களில் இயன்றது.

நமக்குரிய பாடம்

அநீதி இழைக்கப்பட்டவனுக்கும் அநீதி இழைப்பவனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வினவினர். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் தந்தார்கள். ஆகவே ஆயுதம் கொடுப்பதும் ஒரு செயல், மறுப்பதும் ஒரு செயல். இரண்டும் யாருடைய கையைத் தடுக்கின்றன, யாருடைய கையை வலுப்படுத்துகின்றன என்பதே உரைகல்.

அதே உரைகல்லில் நம்மவரையும் நிறுத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த முஜாஹித்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதைத் தடுக்கத் தவறியதற்காக, போஸ்னியப் படைத்தலைவர் ராசிம் டெலிச்சுக்கு 2008இல் 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறுபுறம், செர்பிய இனத்தவரான யோவன் திவ்யாக் சரயேவோவைக் காக்க முஸ்லிம்களோடு தோளோடு தோள் நின்றார். நமக்கோ நம் பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகருமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. நீதி இனம் பார்ப்பதில்லை.

இன்றும் போர்ச் செய்திகள் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. இரக்கம் மட்டும் போதாது என்பதே போஸ்னியா விட்டுச்சென்ற பாடம். உண்மையை விசாரித்தறிவதும், அறிந்ததை மறைக்காது உரைப்பதும், ஆள்வோரிடம் அதை எடுத்துச் சொல்வதும் சாட்சியத்தின் கடமைகள். அநீதிக்கு முன் ஒதுங்கி நின்றோராக நம்மை ஆக்கிவிடாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.