சர்க்கரைப் பாலிமர்களும் மரபணுவை அடக்கும் மருந்தும்

மரபணுவின் செயலை அடக்கும் குறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செல்லுக்குள் சேர்ப்பதற்காகச் சர்க்கரை அலகுகளைக் கொண்டு பாலிமர்கள் உருவாக்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் உடலில் சிதைந்துபோவதே இவற்றிடம் எதிர்பார்க்கப்படும் குணம்.

ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் மரபணுவை இப்படி அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை 1998-இல் ஒரு புழுவில் கண்டறிந்தனர். 2001-இல் தாமஸ் டுஷ்ல் குழு மனிதச் செல்களிலும் அதை நடத்திக் காட்டியது. மருந்து கிடைத்துவிட்டது, உள்ளே போக வழிதான் இல்லை. வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்திலுள்ள நொதிகள் நறுக்கிவிடும்; அதன் எதிர்மின்னூட்டமோ செல்சவ்வைத் தாண்ட விடாது. நேர்மின்னூட்டப் பாலிமரால் அதைப் பொதிந்து அனுப்பலாம். ஆனால் 1995 முதல் மரபணு ஆய்வகங்களில் புழங்கிவந்த பாலிஎத்திலீனிமைன் எளிதில் சிதையாது, செல்களையும் கொல்லும்.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் மார்க் டேவிஸ் அடிப்படையில் சியோலைட் வினையூக்கிகளில் பெயர்பெற்ற வேதிப்பொறியாளர். அதற்கு மாற்றாக அவர் சைக்ளோடெக்ஸ்ட்ரினைத் தேர்ந்தார். ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும், குளுக்கோஸ் வளையமான இது 1891-இலேயே வில்லியேவால் விவரிக்கப்பட்டது. இதைக் கோத்த பாலிமரில் உருவான காலா-01 என்ற துகள், புற்றுக்கட்டியை நாடிச் செல்லும் குறு ஆர்.என்.ஏ. துகள்களில் மனிதருக்குச் செலுத்தப்பட்ட முதலாவது; ஆண்டு 2008. மெலனோமா நோயாளிகளின் கட்டித் திசுவில் துகள்கள் செல்லுக்குள் புகுந்திருந்ததை 2010-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. இருந்தும் அது மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

சிதைவையே வேலைக்கு வைத்த நேர்த்தியான வடிவமைப்பு என்றால், பெர்க்லியில் ழான் ஃப்ரெஷே குழுவினர் 2008-இல் வெளியிட்ட அசிட்டல் டெக்ஸ்ட்ரானைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பாலிமரான டெக்ஸ்ட்ரான் நீரில் கரையும். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளை அசிட்டலால் மறைத்தால் கரையாத துகளாகிவிடும். செல் விழுங்கிய துகள் போய்ச்சேரும் எண்டோசோமில் அமிலம் அதிகம். அங்கே அசிட்டல் பிணைப்புகள் உடைய, பழைய டெக்ஸ்ட்ரானும் சிறிது மெத்தனாலும் அசிட்டோனும் மிஞ்சும். ரத்தத்தின் காரத்தன்மையிலோ துகள் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். பின்னர் நேர்மின்னூட்டமுள்ள ஸ்பெர்மின் சேர்த்து இதைக் குறு ஆர்.என்.ஏ.வுக்கும் பழக்கினர். சிட்டோசான் என்ற சர்க்கரைப் பாலிமரையும் வேறு குழுக்கள் முயன்றன.

2018-இல் அங்கீகாரம் பெற்ற முதல் குறு ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் கொழுப்புத் துகளில் ஏறி வந்தது. அடுத்த ஆண்டு கிவோசிரான் என்ற மருந்தில் சர்க்கரை திரும்பியது, ஆனால் பாலிமராக அல்ல: ஆர்.என்.ஏ.வோடு நேரடியாக இணைத்த மூன்று என்-அசிட்டைல்கேலக்டோசமைன் அலகுகளைக் கல்லீரல் செல்களின் ஏற்பி பிடித்துக்கொள்கிறது. கல்லீரலைத் தாண்டிய உறுப்புகளுக்கு அந்த ஏற்பி உதவாது. அதனால்தான் சிதையும் பாலிமர்கள் மீதான ஆய்வு இன்னும் நிற்கவில்லை.