குடத்துக்குள் செல்லாத பெயர்கள்



பண்டைய ரோமக் குடியரசில் தலைமைப் பொறுப்பு ஒருவரிடம் இல்லை, இருவரிடம் இருந்தது. அதுவும் ஓராண்டுக்கு மட்டுமே. ஒருவரின் முடிவை மற்றவர் தடுக்கலாம். அதிகாரம் ஒரே கையில் தங்கிவிடக் கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம்.

அதே அச்சத்தை நம் மண்ணிலும் காண்கிறோம். கீழ்பென்னாத்தூருக்கு வடகிழக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-இல் ஊர்ச் சபை தேர்தல் விதிகளை வகுத்தது. 921-இல் அவற்றைத் திருத்தியது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, அனைவரும் கேட்க வாசித்தனர். இவ்வாறு தேர்வானோர் ஏரி, தோட்டம், பொன் முதலிய வாரியங்களை 360 நாட்கள் நடத்தினர்.

குடவோலையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆயினும் குடத்துக்குள் எந்தப் பெயர்கள் செல்லக் கூடாது என்பதே நாம் அதிகம் சிந்திக்க வேண்டியது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உடன்பிறந்தார், மாமனார், அத்தை மாமன் மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் ஆகியோருக்கும் இடமில்லை. உறவினர் பெயரில் அதே கை மீண்டும் பொதுப்பணத்தைத் தொடக் கூடாது என்று அவர்கள் கருதினர் போலும்.

குறையும் உண்டு. அது பிராமணர்களின் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையோர்க்கே பொதுவாக இடம் கிடைத்தது. நிலத்தில் உழைத்தோர்க்கு அங்கே குரல் இல்லை. ரோமிலும் செல்வர் வாக்கே முந்தியது. அடிமைகளுக்கு வாக்கே இல்லை. இதனை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் கணக்கு விதி இன்றும் பொருந்துகிறது. நம் ஜமாஅத்தின் பொதுப்பணமும் ஓர் அமானிதமே. நிர்வாகியிடம் கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதன்று. கேட்கும் முன்னரே காட்டுபவர் தம் கண்ணியத்தையே காத்துக்கொள்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் இதைக் கல்லில் வெட்டி வைத்தது. நாம் ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்டினால் போதும்.