பார்கோடு எதை எண்ணுகிறது? பதிவுத் தபால் தொடரும் ஒரகடம் பகுதியின் பட்டுவாடாவும்

பதிவுத் தபால் 2011–12இல் 24.44 கோடியாக இருந்தது, 2019–20இல் 18.46 கோடியாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அச்சேவை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டதை நியாயப்படுத்த இந்த இரண்டு எண்களே பரவலாக எடுத்துக்காட்டப்படுகின்றன. அஞ்சல் கட்டணம் குறித்து எழுதுவோரிடையே வேரூன்றிய வாசிப்பு ஒன்று உண்டு. சாதாத் தபாலின் அளவு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வரும் மதிப்பீடு. பதிவுத் தபால்போல் பார்கோடு ஒட்டிய தபாலோ ஒவ்வொன்றாக எண்ணப்படுவது. ஆகவே கட்டணத்தை அதன்மீது நிறுத்தலாம் என்பது அந்த வாசிப்பு. எண்ணிக்கையின் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. அது எதன் எண்ணிக்கை என்பதில்தான் மாறுபடுகிறேன்.

இந்த எண்ணிக்கைத் தொடர் தருவது அஞ்சலகக் கவுன்ட்டரில் ஏற்கப்பட்ட கடிதங்களின் தொகை. பட்டுவாடாவுக்கு ஆன உழைப்பு அதில் இல்லை. எழுத்தும் இலக்கமுமாகப் பதின்மூன்று கொண்ட பார்கோடு எண் ஒன்று ஏற்கும்போது ஒட்டப்படுகிறது. விலாசதாரர் கிடைக்காமல் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பினாலும் எண் மாறுவதில்லை. ஒரே நடையில் கையெழுத்தாகி முடிந்த கடிதமும், பூட்டிய கதவுக்கு இருமுறை சென்று, அஞ்சலகத்தில் சில நாள் காத்துக் கிடந்து, வந்த வழியே திரும்பிப் போன கடிதமும் தொடரில் ஒன்று, ஒன்று என்றே ஏறுகின்றன.

இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்பதைச் சராசரிகளைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. இடத்தைப் பார்க்க வேண்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தை ஒட்டிய சேரப்பணஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். ரெனோ–நிசான் ஆலை 2010இலும் டைம்லர் ஆலை 2012இலும் இப்பகுதியில் இயங்கத் தொடங்கின. மேற்சொன்ன தொடர் ‘சரிவு’ காட்டும் ஆண்டுகள் இதையொட்டியே வருகின்றன. ஆலைகளைச் சுற்றிய ஊர்களில் வாடகை அறைகள் பெருகின. அங்கே தங்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஷிப்டுக்கு ஷிப்டு நேரம் மாறுபவர். வேலை மாறினால் அறையும் மாறும். அவர் பெயருக்கு வருபவை எவை? வங்கியின் கடன் நோட்டீஸ், ஏ.டி.எம். அட்டை, விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பும் கடிதம், நீதிமன்ற அழைப்பு. நிர்வாகத்துக்கு ரிஜிஸ்டர் தபால் தேவைப்படுவதற்குக் காரணம் வேகமல்ல. 1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரியான விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியதைச் சேர்ப்பித்ததாகவே கொள்கிறது; மறுப்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஆளே இல்லாத அறைக்கும் கடிதம் அனுப்பப்படுவது அதனால்தான்.

இப்போது தொடருக்குத் திரும்புவோம். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் கடைசி வாரத்தில். எனவே பெருந்தொற்றின்மேல் பழிபோட இடமில்லை, சரிவு மெய்யானது. ஆனால் போனவை எவை? மின்னஞ்சலுக்கும் வாட்ஸப்புக்கும் முதலில் இடம்பெயர்ந்தவை இருதரப்பும் விரும்பிப் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் என்று கொள்வதே பொருத்தம். பெறுநர் வீட்டில் இருந்து, கேட்டு வாங்கிக்கொள்ளும் கடிதங்கள் அவை. சட்டத்தின் தேவைக்காக அனுப்பப்படுபவை அவ்வளவு எளிதில் இடம்பெயரா. அப்படியானால் எஞ்சிய 18.46 கோடியில் கடினமான கடிதங்களின் விகிதம் கூடியிருக்க வேண்டும். எண்ணிக்கை கால்பங்கு குறைந்ததால் தபால்காரரின் உழைப்பும் கால்பங்கு குறைந்தது என்பது இத்தொடரிலிருந்து பெற முடியாத முடிவு. இதை நாடு முழுமைக்கும் நிறுவிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உழைப்பும் அதே அளவு குறைந்தது என்ற வாசிப்புக்குத் தொடரில் ஆதாரமே இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

பார்கோடு என்றதும் அமெரிக்க அஞ்சல் நடைமுறையை இங்கே பொருத்துவோரும் உண்டு. அங்கே 65 கோடுகள் கொண்ட பார்கோடை அனுப்புநரே அச்சிடுகிறார். கடிதத்தை இயந்திரம் பிரிக்கிறது. வேலை மிச்சமாவதால் தள்ளுபடி. இங்கே பார்கோடு பொறுப்பேற்றதற்கான அடையாளம். அது ஒட்டப்பட்டதும் ஸ்கேன், கையெழுத்து, கணக்கு என வேலை கூடுகிறது. ஒன்றின் செலவுத் தர்க்கம் மற்றதற்குச் செல்லாது.

வேலையை அளக்காமல் கடிதத்தை மட்டும் எண்ணுவதன் விளைவைக் கட்டணத்தில் காணலாம். முன்பு பதிவுக்கு 17 ரூபாய், 20 கிராம் கடிதத்துக்கு 5 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரையிலான ஸ்பீட் போஸ்ட் உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47. விலாசதாரரிடமோ அவர் அதிகாரமளித்தவரிடமோ மட்டுமே தர வேண்டுமானால் பதிவுக்கென மேலும் 5 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. பழைய 17 ரூபாயில் பதிவின் எல்லா வேலையும் அடக்கம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆயினும், குறிப்பிட்ட ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனி விலை இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது: 5 ரூபாய். அதே வட்டாரத்தில் உள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பில், ஒரே நடையில் பல கடிதங்களைச் சேர்க்க வழியுண்டு. சேரப்பணஞ்சேரியின் தனித்தனி அறைகளுக்கு அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் அதே 5 ரூபாய். ஒரே விலை வைப்பது கொள்கை முடிவாக இருக்கலாம். தனித்தனி அறைகளுக்கு அனுப்புவோரிடம் கூடுதலாக வாங்க வேண்டும் என்பது என் வாதமும் அன்று. அந்த 5 ரூபாய் செலவை ஈடுசெய்கிறதா என்பதைக் கவுன்ட்டர் எண்ணிக்கை சொல்லாது என்பதே வாதம்.

அஞ்சல் துறையின் புதிய மென்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே என்பர். பதிவு செய்வது வேறு, அதைக் கட்டணத்துக்கு அடிப்படையாக்குவது வேறு. தபால்காரரின் கைபேசிச் செயலியில் ‘கதவு பூட்டு’, ‘இடம் மாறினார்’, ‘வாங்க மறுப்பு’ போன்ற குறிப்புகள் ஏறத்தான் செய்கின்றன. ஒவ்வொரு கடிதத்தையும் அதன் பட்டுவாடா முயற்சிகளாலும் திருப்பு நடையாலும் எடையிட்டால் கடித எண்ணிக்கையோடு வேலை அளவும் கிடைக்கும். அதைச் செய்யாமல், 50 பைசா அஞ்சலட்டைக்கு 12.15 ரூபாய் செலவாகிறது என்ற கணக்கைக் காட்டி அட்டையைக் குற்றவாளியாக்குவது முறையல்ல. ஒரே தபால்காரரின் ஒரே நடையைப் பல சேவைகளுக்குப் பங்கிடும்போது, ஒரு சேவையின் வேலை குறைத்து அளக்கப்பட்டால் அந்தச் சுமை வேறொன்றின் தலையில்தான் விழும்.

இணைப்பு இன்னொரு இடரையும் கொண்டுவந்துள்ளது. 2025 செப்டம்பருக்குப் பின் ஸ்பீட் போஸ்ட் எண்ணிக்கையில் காணும் உயர்வில், பெயர் மாறி வந்த பதிவுத் தபால்களும் அடங்கியிருக்கும். பதிவு கோரிய கடிதங்களை ஏற்பிலும் பட்டுவாடாவிலும் தனிக் குறியீட்டில் பிரித்து வெளியிட வேண்டும். இல்லையேல் அடுத்த கட்டணத் திருத்தத்தின்போது 18.46 கோடியுடன் ஒப்பிட எந்த எண்ணும் கையில் இராது.