நெசவாலையும் தொடர்மாடியும்

தொழில் நகரொன்று வணிக நகராக மாறும்போது இழப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினாவுக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் விடை தருகின்றன.

வெள்ளவத்தை நெசவாலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அதன்வழியே தொழிற்சங்க அரங்கினுட் புகுந்தனர். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்து மூட்டை சுமந்த கைகளே பல குடும்பங்களைத் தாங்கின.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. இறக்குமதித் துணி உள்ளூர் நெசவை நலிவித்தது. துறைமுகத்திற் கொள்கலன்கள் பெருகவே, பலர் சுமந்ததைப் பாரந்தூக்கியொன்று தூக்கலாயிற்று. உழைப்பின் விலை இறங்க, காணியின் விலை ஏறியது. 1983இன் பின்னர் இடம்பெயர்ந்தோரின் வருகையும் புலம்பெயர்ந்தோரின் பணமும் வெள்ளவத்தையைத் தொடர்மாடிகளால் நிரப்பின.

எனினும், பெற்றவர் அனைவரும் செல்வரல்லர்; இழந்தவர் அனைவரும் தொழிலாளருமல்லர். 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், மேலதிக வீடுகளில் வாடகைக்கிருந்தோர் அவற்றை வாங்க வழிசெய்தது. அவ்வாறு உறுதி பெற்ற குடும்பத்திற்கு, வேலை போன பின்னும் ஒரு பிடிமானம் எஞ்சியது. மறுபுறம், ஒரே வீட்டில் வாழும் சிறு உரிமையாளருக்கு விலையேற்றம் வருமானமாகாது. விற்றுப் பெயர்ந்தாலன்றி அது கைக்கு வராது.

கைத்திறனைவிடக் காணியுறுதியே காத்தது என்பதே இவ்வரலாறு தரும் கசப்பான பாடமாகும்.