ஆற்று நீரால் சேறு நிரம்பிய துறைமுகம்

ஒரு துறைமுகத்தில் சேறு சேருகிறது. என்ன செய்யலாம்? ஆற்றில் நிறையத் தண்ணீரைத் திறந்து விட்டால் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு.

தென் கரோலினா மாநிலத்தில் சாண்டீ என்பது பெரிய ஆறு. அதன் பக்கத்தில் ஓடும் கூப்பர் ஒரு சின்ன ஆறு. சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வருவது இந்தச் சின்ன ஆறுதான். அதில் வந்த நன்னீர் வினாடிக்கு ஒரு சில கனமீட்டர் மட்டுமே.

1939-ல் சாண்டீயின் குறுக்கே அணை கட்டும் வேலை தொடங்கியது. சுமார் 900 குடும்பங்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1942-ல் சாண்டீயின் தண்ணீரைக் கூப்பருக்குத் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். கூப்பரில் சராசரியாக வினாடிக்கு 400 கனமீட்டருக்கும் மேல் நன்னீர் வரத் தொடங்கியது.

பிறகுதான் வினை. துறைமுகம் வேகமாகத் தூர்ந்தது. தூர்வாரும் சேற்றின் அளவு பத்து மடங்குக்கும் மேல் போனது!

ஏன் இப்படி? முன்பு நன்னீர் கொஞ்சம்தான் என்பதால் கடல் ஏற்றவற்றம் அதை மேலிருந்து கீழ்வரை கலக்கிவிடும். நன்னீர் அதிகமானதும் ஏற்றவற்றத்தால் முழுக்கக் கலக்க முடியவில்லை. உப்புநீர் கனமானது, அடியில் தங்கியது. நன்னீர் அதன் மேலே கடலை நோக்கி ஓடியது. போகிற வழியில் அடியிலுள்ள உப்புநீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துப் போனது. அந்தக் குறையை ஈடுகட்டக் கடல்நீர் அடிவழியாக உள்ளே வந்தது. ஆக, மேலே வெளியோட்டம், கீழே உள்ளோட்டம்!

ஆறு கொண்டு வந்த களிமண் துகள்கள் உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே இறங்கின. கீழே இருந்ததோ உள்ளோட்டம். கடலுக்குப் போக வேண்டிய சேறு துறைமுகத்துக்கே திரும்பி வந்தது.

ராணுவப் பொறியாளர்கள் மாதிரித் துறைமுகம் அமைத்துச் சோதித்தார்கள். தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திருப்பும் திட்டத்துக்கு 1968-ல் அனுமதி கிடைத்தது. 1985-ல் புதிய கால்வாய் முடிந்து பெரும்பகுதி நீர் சாண்டீக்குத் திரும்பியது. துறைமுகத்தில் சேறு குறைந்தது.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. இடைப்பட்ட 43 வருடங்களில் சாண்டீயின் முகத்துவாரம் உப்பேறி, அங்கே கடல்மட்டி எடுக்கும் தொழில் வளர்ந்திருந்தது. நன்னீர் திரும்பியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

முகத்துவாரத்தை வெறும் வடிகால் என்று நினைக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கதை எனக்குச் சொன்ன பாடம். எவ்வளவு நன்னீர் வருகிறது என்பதை மாற்றினால், அங்கே தண்ணீர் கலக்கும் விதமே மாறிவிடும். அதோடு சிலரின் பிழைப்பும் மாறிவிடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?