கரிவண்டி ஓடிய சாலை

சென்ற மார்கழியில் ஒரு நாள் நாங்கள் நண்பர்கள் நால்வர் இரண்டு பழைய மோட்டார்களில் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். கோவிற்பட்டி வழியாக நால்வழிச் சாலை இருக்கிறது. அதில் சென்றால் மூன்று மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்களோ ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் என்று சுற்றிச் செல்லும் வழியைப் பிடித்தோம். வண்டிகளின் வயது அப்படி.

இரண்டும் இங்கிலாந்திலுள்ள ஆபிங்டனில் எம்.ஜி. தொழிற்சாலையார் 1945 முதல் 1949 வரை செய்த டி.சி. வகை ஸ்போர்ட்ஸ் கார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் வண்டிகளே செய்யப்பட்டன. இருவர் மட்டுமே அமரலாம். உடலின் சட்டம் மரத்தாலானது. சக்கரங்களுக்குச் சைக்கிளைப் போலக் கம்பிகள். இவற்றை விண்டேஜ் கார் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1930-க்கு முற்பட்டவற்றுக்கே அப்பெயர் பொருந்தும் என்று வாதிடுவோரும் உளர். அந்த வழக்கில் நான் கலந்துகொள்வதில்லை.

அவற்றுள் ஒன்று நண்பருடைய காலஞ்சென்ற தந்தையார் ஆசையோடு வைத்திருந்தது. திருநெல்வேலியில் ஒருவர் அதற்கு விலை பேசி முடித்திருந்தார். ஆகவே அது ஒரு வண்டியை வழியனுப்பும் பிரயாணமாகவும் இருந்தது. நண்பர் வழியெல்லாம் அதிகம் பேசவில்லை.

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிச் சங்கரன்கோவில் எல்லையை நெருங்கியபோது அந்த வண்டிதான் நின்றது. இவ்வகை வண்டிகளில் பெட்ரோலை இழுத்துத் தருவது மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பு. அது 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டே வேலை செய்யும். உள்ளேயுள்ள முனைகள் ஒட்டிக்கொண்டால் மௌனமாகிவிடும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து தொண்ணூறு வயதிருக்கும் பெரியவர் ஒருவர் கோலூன்றி எழுந்து வந்தார்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சா, தம்பி?" என்றார். "இல்லை ஐயா, பம்பு மக்கர் செய்கிறது" என்றோம். "எங்க அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர் கரியிலே வண்டி ஓட்டினார்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஊர்ப்பெயரிலுள்ள கரி யானையைக் குறிப்பது. பெரியவர் சொன்ன கரியோ அடுப்புக்கரி. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பேருந்துகளை நிறுத்திவிட முடியுமா? பின்புறத்தில் உயரமான இரும்பு உருளையொன்றைப் பொருத்தினார்கள். அதில் கரியை நிரப்பித் தீ மூட்டிக் காற்றை அளவோடு விட்டால், கரி முழுதும் எரியாமல் ஒருவகை வாயு பிறக்கும். அதனைக் குளிர்வித்துத் தூசி நீக்கி இயந்திரத்திற்குள் செலுத்துவார்கள். திருக்குறுங்குடியில் பிறந்து, மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இத்தகைய வாயுக் கலங்களைச் செய்து விற்றது. சாலையில் சிந்திக் கிடந்த லாட ஆணிகளை அகற்றக் காந்தம் பூட்டிய வண்டியை ஓடவிட்டவர் அவர் என்றும் சொல்வர்.

இவ்வளவும் அச்சில் கிடைக்கும். பெரியவர் சொன்னது கிடைக்காது. விடியுமுன் கிளீனர் பையன் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை எழுப்புவானாம். மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டுமாம். வழியில் வண்டியை நிறுத்திக் கரி போடும்போது பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்களாம். ஆடித்தபசுக்குக் கோமதியம்மனைத் தரிசிக்க வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்டவர்கள், சந்நிதிக்குள் நுழையும்போது கரிவேட்டியோடு நிற்பார்களாம். 1927 முதலே இவ்வூருக்கு இரயில் இருந்ததே என்று கேட்டேன். "இரயில் ஸ்டேஷனுக்குத்தானே வரும்? எங்க ஊருக்கு வருமா?" என்றார்.

பிறகு குரல் தாழ்ந்தது. அந்த வாயு மணமற்றது. உயிரைக் கொல்லும் நஞ்சு. ஒரு நாள் கலத்தைத் துப்புரவு செய்த தந்தையார் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் தலைவலி அவரை விட்டு நீங்கவேயில்லையாம். மறுநாளும் வண்டி எடுத்தாரா என்று கேட்டேன். "எடுக்காம? ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே" என்றார். அந்த ஓட்டுநரின் பெயரை எந்த நூலிலும் நான் காணப்போவதில்லை.

நண்பர் அதுவரை வண்டியின்மேல் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் பம்பைக் காட்டி, "இதை லேசாத் தட்டிப் பாருங்க" என்றார். ஸ்பானரின் பிடியால் இருமுறை தட்டினோம். 'டிக் டிக்' என்ற ஓசை திரும்பியது.

பெரியவரைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு நண்பர் கோயில் வரைக்கும் வண்டியை ஓட்டினார். ஒன்பது நிலைக் கோபுரத்தின் எதிரே அவரை இறக்கிவிட்டோம். திருநெல்வேலியை அடைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வாங்குபவரிடம் நாளைக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி, நண்பர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.