உடைந்து பெயர் வாங்கிய வண்டி

டொயோட்டாவின் பழைய சிறு பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது கடைசியில் ‘அந்த வண்டி உடையவே உடையாது’ என்பதில் வந்துதான் நிற்கும். 1968இல் ஜப்பானில் ஹைலக்ஸ் என்று பிறந்த வண்டி இது. அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயரும் உதிர்ந்து வெறும் ‘டொயோட்டா பிக்கப்’ என்றே விற்றது. 1995இல் டகோமா என்ற அடுத்த பிக்கப்புக்கு இடம்விட்டது. 1987இல் சாட் நாட்டுப் படைகள் டொயோட்டா வண்டிகளில் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு லிபியாவின் டாங்கிகளைப் பாலைவனத்தில் விரட்டியபோது, அந்தச் சண்டைக்கே ‘டொயோட்டா போர்’ என்று பெயர் வந்தது. இப்படி வளர்ந்த புகழை நான் மறுக்கவில்லை. அதன் காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறோம் என்கிறேன். இந்த வண்டி நன்றாகவே உடைந்தது. உடையும் முன் சத்தம் கொடுத்தது, உடைந்த இடத்துக்குள் கை நுழைந்தது, என்ன செய்யவேண்டும் என்பது சாதாரணப் பட்டறைக்கும் தெரிந்திருந்தது. தன் பெயரை அது அங்கேதான் சம்பாதித்தது.

இதற்கு முதல் சாட்சி, இன்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கவைக்கும் டைமிங் செயின். 1981 மாடலில் அமெரிக்காவுக்கு வந்த 22ஆர் இன்ஜின் 2366 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்புக் கட்டை, அலுமினியத் தலை. முதலில் அதில் இரட்டை வரிசைச் செயின் இருந்தது. 1982இன் பிற்பாதியில் அது ஒற்றை வரிசையாகி, செயினைத் தாங்கிப் பிடிக்கும் கைடுகளும் பிளாஸ்டிக்காயின. ஆண்டுகள் ஓடச் செயின் நீளும், பிளாஸ்டிக் நொறுங்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது, ஆயில் அழுத்தம் செயினை இறுக்கும் டென்ஷனரை எட்டும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும். கைடு உடைந்துவிட்டால் செயின் அலுமினிய மூடியை ரம்பம் போல அறுக்கத் தொடங்கும். அந்த மூடிக்குள்தான் தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது. அது அறுந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் பாலூற்றிய காபியாகி, பேரிங்குகள் தேய்ந்து இன்ஜினே போகும். இது சின்னக் குறையில்லை. இரண்டு வரிசையை ஒன்றாக்கிய வடிவமைப்பாளர்களின் தீர்மானம் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செலவு வைத்தது.

இன்ஜினையே கொல்லும் குறையை எப்படிப் பெருமையில் சேர்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் குறையைப் பெருமையில் சேர்க்கவில்லை; குறைக்கும் நாசத்துக்கும் நடுவே கிடைத்த அவகாசத்தைச் சேர்க்கிறேன். அந்தக் கடகட சத்தத்தைக் காதில் வாங்கியவருக்குப் பெரும்பாலும் நேரம் இருந்தது. நீளவாக்கில் உட்கார்ந்த இன்ஜின், சுற்றிலும் தாராளமான இடம். ரேடியேட்டரைக் கழற்றினால் முன்மூடி தெரியும். புதுச் செயின், டென்ஷனர், பல்சக்கரங்கள், பிளாஸ்டிக்குக்குப் பதில் இரும்பு முதுகு வைத்த கைடுகள் என்று வெளிச் சந்தையில் முழு செட்டாகவே விற்றது. பழைய இரட்டை வரிசைக்குத் திரும்பும் செட்டும் வந்தது. அதைவிடப் பெரிய காரணம், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் சேர்ந்தது போன்ற சில மாற்றங்களைத் தவிர இந்த இன்ஜின் 1995வரை அடிப்படையில் மாறாமலே நீடித்தது. நோய் மாறாததால் வைத்தியம் முதிர்ந்தது.

வண்டியின் உடலமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. அதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதை இருக்கிறது. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பாவில் போட்ட வரிக்குப் பதிலடியாக, 1964 முதல் அமெரிக்கா இறக்குமதியாகும் சிறு லாரிகள்மீது 25 சதவீத வரி விதித்தது. அதைத் தவிர்க்க, கேபினும் சேசிஸும் மட்டுமாகக் குறைந்த வரியில் வண்டிகளைக் கொண்டுவந்து, சரக்குப் பெட்டியை அமெரிக்க மண்ணில் பூட்டினார்கள். இந்த வழி 1980இல் அடைபட்டது. வரி இல்லாவிட்டாலும் தனிச் சேசிஸும் தனிப் பெட்டியும் இருந்திருக்கும் என்பது உண்மை. பிக்கப் என்றாலே அப்படித்தான். ஆனால் துறைமுகத்தில் போல்ட் போட்டுப் பூட்டும் பெட்டியை, துருப்பிடித்த பிறகு வீட்டு வாசலிலும் கழற்றலாம். அப்படிக் கழற்றிவிட்டுப் பலகைத் தளம் அடித்து ஓட்டியவர்கள் ஏராளம்.

இரும்பின் பலத்தால்தான் பெயர் வந்தது என்பவர்கள் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். 2003இல் ஒரு பழைய டீசல் ஹைலக்ஸைக் கடல் அலையில் மூழ்கவிட்டு, இரும்புக் குண்டால் மோதி, தீ வைத்து, இடிக்கப்படும் அடுக்குமாடியின் உச்சியிலிருந்தும் விழவைத்தார்கள். வண்டி திரும்பக் கிளம்பியது. அந்தச் சோதனையின் நிபந்தனையை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்: சாதாரணக் கருவிகளை வைத்து, புதுப் பாகம் ஒன்றுகூட மாற்றாமல் சரிசெய்யவேண்டும். கடல்நீர் புகுந்த இன்ஜின் தானாக ஓடவில்லை. ஒருவர் திறந்து, வடித்து, துடைத்து ஓடவைத்தார். பலம் இருந்தது, சரி. பலத்தை மீட்டெடுக்க ஸ்பானர் போதுமாக இருந்தது என்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய வண்டிமீதுள்ள பாசத்தில் நான் பேசவில்லை. இன்றைய வண்டிகள் பொதுவாகக் குறைவாகத்தான் பழுதாகின்றன. டொயோட்டாவின் அதே பழைய வண்டியிலும் 1988 மாடலில் வந்த 3 லிட்டர் வி6 இன்ஜின் ஹெட் கேஸ்கெட் போவதற்கே பேர்போனது. நெருக்கி அடைத்த அந்த இன்ஜினில் பழுது பார்ப்பது பலமடங்கு சிரமம். அதை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று டகோமாவிடம் இருக்கிறது. இன்ஜின் மேம்பட்டது. ஆனால் 1995 முதல் 2000வரையிலான வண்டிகளின் சேசிஸுக்குத் துருத் தடுப்புப் போதவில்லை. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில், பெட்டிபோல மூடிய சட்டத்தின் உட்புறத்திலிருந்து இரும்பு தின்னப்பட்டது. சத்தம் இல்லை, அறிகுறி இல்லை, கை நுழைய வழியும் இல்லை. 2008இல் டொயோட்டா துருவுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டி, மோசமானவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்குக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஓடும் இன்ஜினோடு வண்டிகள் கழிவுக்குப் போயின. விவரம் தெரிந்தவர்கள் இன்று அங்கே பழைய டகோமா வாங்கும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் சுத்தியலோடு அடியில் படுத்து, மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சட்டத்தை நீளத் தட்டிக்கொண்டே போகிறார்கள், எந்த இடத்தில் ஒலி மந்தமாகிறது என்று.